பீப்பாயில் படிந்த புளிப்பு: டார்டாரிக் அமிலத்தின் வரலாறு

எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், ஆப்பிளில் மாலிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம். பள்ளிப் பாடநூலில் படித்து மனப்பாடம் செய்த வரிகள் இவை. கடைசி வரியில் ஒரு வரலாற்றுப் புதிர் இருக்கிறது. டார்டாரிக் அமிலத்தைச் செறிவாகத் தேக்கி வைத்திருக்கும் கனிகளுள் புளிக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. அதன் சதையில் 8 முதல் 18 விழுக்காடு வரை இந்த அமிலம்தான். திராட்சைச் சாற்றிலோ லிட்டருக்குப் பெரும்பாலும் 10 கிராமுக்கு உள்ளாகவே, அதாவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும். ஆனாலும் அமிலத்துக்குப் பெயர் வந்ததும், அதை முதலில் பிரித்தெடுத்ததும், அதைக் கொண்டு வேதியியலின் அடித்தளத்தையே மாற்றியதும் திராட்சையின் வழியாகத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், ஒயின் பீப்பாயின் உட்சுவரின் வழியாகத்தான். அந்த வரலாற்றில் புளியைத் தேடினால் கிடைக்காது.

புளிப்பு மிகுந்த கனி ஒதுங்கி நிற்க, புளிப்புக் குறைந்த கனி ஏன் முன்னே வந்தது? இந்த அமிலத்தின் வரலாற்றை நடத்திச் சென்றது அதன் சுவை அன்று, படிகமாகப் படியும் அதன் இயல்பே என்பது இக்கட்டுரையின் கருத்து.

பீப்பாய்ச் சுவரின் உப்பு

திராட்சைச் சாற்றில் டார்டாரிக் அமிலத்தோடு பொட்டாசியமும் ஏராளமாக உண்டு. இரண்டும் கூடிப் பொட்டாசியம் பைடார்ட்ரேட் என்னும் உப்பாகின்றன. சாறாக இருக்கும்வரை இந்த உப்பு பெருமளவு கரைந்தே நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. ஆல்கஹால் கலந்த நீரில் இவ்வுப்பின் கரைதிறன் குறைவு. குளிர்ந்தால் இன்னும் குறைவு. இலையுதிர் காலத்தில் நொதித்து, குளிர்காலம் முழுதும் நிலவறையில் கிடக்கும் ஐரோப்பிய ஒயினுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே அமைந்தன. அதனால் ஆண்டுதோறும் பீப்பாயின் உட்புறம் கல்போல ஓர் அடுக்கு படிந்தது. சிவப்பு ஒயின் பீப்பாயில் அது செந்நிறமாகவும் வெள்ளை ஒயின் பீப்பாயில் வெளிறியும் இருக்கும். ஜெர்மானியர் அதை ‘ஒயின் கல்’ என்ற பொருள்படும் சொல்லாலேயே அழைக்கின்றனர். இடைக்கால லத்தீனில் அதன் பெயர் ‘டார்டாரம்’. அமிலத்தின் பெயர் அதிலிருந்தே வந்தது.

சுரண்டி எடுத்த அந்தக் கசடு வீணாகவில்லை. வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டால் வெண்மையான உப்பு மேலே ஆடைபோல மிதந்து திரளும். ‘கிரீம் ஆஃப் டார்ட்டர்’ என்ற பெயர் அதனால் வந்தது. கம்பளிக்குச் சாயம் ஏற்றுவோர் படிகாரத்தோடு இதைச் சேர்த்தனர். மருந்து விற்போர் பேதி மருந்தாகக் கொடுத்தனர். 1670களில் பிரான்சின் லா ரோஷெல் துறைமுக நகரில் மருந்து தயாரித்த பியர் செனியெத், இதைச் சோடாவுடன் கலந்து பொட்டாசியம் சோடியம் டார்ட்ரேட் உப்பை உண்டாக்கினார். ‘ரோஷெல் உப்பு’ என்று பெயர் பெற்ற அதன் செய்முறையை அவர் குடும்பம் நெடுங்காலம் வெளியே சொல்லவில்லை. அந்த உப்பை மீண்டும் இரண்டு இடங்களில் சந்திப்போம்.

1769இல் சுவீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே இந்த உப்பிலிருந்து அமிலத்தைத் தனியே பிரித்தார். அப்போது அவர் மருந்துக்கடையில் பணியாற்றிய இளைஞர். அவருடைய வழி எளிமையானது. கிரீம் ஆஃப் டார்ட்டர் கரைசலில் சுண்ணாம்புக்கட்டியின் தூளைப் போட்டால் நீரில் கரையாத கால்சியம் டார்ட்ரேட் அடியில் படியும். அதை எடுத்துக் கந்தக அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு ஜிப்சமாகிப் பிரிந்துவிடும். கரைசலில் எஞ்சுவது டார்டாரிக் அமிலம் மட்டுமே. அதை வற்றவிட்டால் தூய படிகம் கிடைக்கும். ரெட்சியஸ் என்னும் அறிஞர் இதை 1770இல் வெளியிட்டார். ஷீலே இதே உத்தியைக் கையாண்டு 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைப் பிரித்தார். அடுத்த ஆண்டு ஆப்பிளிலிருந்து மாலிக் அமிலம் வந்தது. கனிகளின் புளிப்பு ஒன்றல்ல, பல என்பது இப்படித்தான் நிலைபெற்றது. ஒயின் கசடைச் சுண்ணாம்பிட்டுப் படியவைக்கும் அந்த முறையின் சாரமே இன்றும் ஆலைகளில் தொடர்கிறது.

வலமும் இடமும்

1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அல்சாஸ் பகுதியின் தான் என்ற ஊரில், கெஸ்ட்னரின் ஆலையில் ஒரு விந்தை நேர்ந்தது. டார்டாரிக் அமிலம் காய்ச்சும்போது அதையே ஒத்த, ஆனால் அதுவல்லாத இன்னொரு அமிலமும் கிடைத்தது. வேதியியலாளர் கே லுசாக் அதை ஆராய்ந்து, திராட்சைக் கொத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ‘ரெசிமிக் அமிலம்’ என்று பெயரிட்டார். இரண்டிலும் ஒரே தனிமங்கள் ஒரே விகிதத்தில் இருப்பதைக் கண்ட வேதியியலாளர் பெர்சீலியஸ், 1830இல் ‘ஐசோமெரிசம்’ என்ற சொல்லை உருவாக்கினார். தமிழ்ப் பாடநூல்கள் மாற்றியம் என்று சொல்வது இதையே. இவ்விரு அமிலங்களின் நடத்தையில் ஒரு வேறுபாடு முக்கியமானது. டார்டாரிக் அமிலக் கரைசல் தன்னுள் பாயும் தளமுனைவுற்ற ஒளியின், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியின், தளத்தை வலப்பக்கம் திருப்பும். ரெசிமிக் அமிலம் திருப்பவே திருப்பாது. 1844இல் வேதியியலாளர் மிட்ஷெர்லிஹ் இவற்றின் சோடியம் அம்மோனியம் உப்புகளை ஒப்பிட்டார். படிக வடிவம், அடர்த்தி எல்லாம் ஒன்றே, ஒளியைத் திருப்புவது மட்டுமே வேறு என்று அறிவித்தார்.

எல்லாம் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருள்கள் ஒளியிடம் மட்டும் எப்படி வேறுபட முடியும்? பாரிஸில் லூயி பாஸ்டருக்கு இந்தக் கேள்வி உறுத்தியது. 1848இல் அவருக்கு வயது 25. ரெசிமிக் உப்பின் படிகங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொரு படிகத்திலும் ஒரு சிறிய சாய்முகம் இருந்தது. சிலவற்றில் அது வலப்புறம், சிலவற்றில் இடப்புறம். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம். அவற்றை இடுக்கியால் இரண்டு குவியலாகப் பொறுக்கித் தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலப்பக்கம் திருப்பியது. மற்றது அதே அளவு இடப்பக்கம் திருப்பியது. சம அளவில் கலந்ததும் திருப்பம் மறைந்தது. ரெசிமிக் அமிலம் என்பது வலமும் இடமும் சரிபாதி கலந்த கலவை என்று விளங்கிவிட்டது.

ஒளிச்சுழற்சி ஆய்வின் முன்னோடியான பியோ அப்போது எழுபதைக் கடந்தவர். அவர் எளிதில் நம்பவில்லை. தன்னிடமிருந்த ரெசிமிக் அமிலத்தையே கொடுத்து, தன் முன்னிலையில் உப்பைச் செய்யவைத்து, இடஞ்சுழிக் கரைசலைத் தன் கருவியில் தானே பார்த்து உறுதி செய்துகொண்டார். அந்த முதியவரின் ஐயத்தையும் அது தீர்ந்தபோது அவர் மகிழ்ந்ததையும் எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழும்.

இங்கே தட்பவெப்பமும் துணை நின்றது. இந்த உப்பு ஏறத்தாழ 27 பாகை செல்சியசுக்குக் கீழே மட்டுமே வலம், இடம் எனத் தனிப் படிகங்களாகப் பிரியும். அதற்கு மேலே இரண்டும் ஒரே படிகத்துக்குள் அடங்கிவிடும். சென்னையின் சித்திரை வெயிலில் பாஸ்டரின் மேசை இருந்திருந்தால் பொறுக்குவதற்கு இரண்டு வகைப் படிகங்களே இருந்திருக்காது. தானாக இப்படிப் பிரியும் உப்புகள் மிகச் சிலவே. பாஸ்டரின் கூர்மைக்கு நிகராக, படிகத்தின் இயல்பும் இந்தக் கண்டுபிடிப்பில் பங்காளி.

கெஸ்ட்னரின் ஆலையில் நடந்தது என்ன என்பதற்கும் பாஸ்டரே 1853இல் விடை கண்டார். டார்டாரிக் அமிலத்தைச் சின்கோனா பட்டையிலிருந்து கிடைக்கும் காரப்பொருளோடு சேர்த்துக் கடுமையாகச் சூடாக்கியபோது, வலஞ்சுழி அமிலத்தில் ஒரு பங்கு இடஞ்சுழியாக மாறியது. நெடுநேரம் சூடாக்குவதே ரெசிமிக் அமிலம் உருவாகக் காரணம் என்று தெரிந்தது. சில ஆண்டுகள் கழித்து ரெசிமிக் உப்புக் கரைசலில் பூஞ்சணம் வளர்ந்தபோது, அது வலஞ்சுழியை மட்டும் தின்று இடஞ்சுழியை விட்டுவைத்ததைக் கவனித்தார். உயிர், எதிர்ப்படும் மூலக்கூறு வலமா இடமா என்று பார்த்தே அதை ஏற்கிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. நொதித்தலில் அவர் இறங்கிய வழி, பின்னர் ஒயினின் நோய்களை ஆராய்ந்த வழி, பாலைக் காய்ச்சிக் காக்கும் முறைக்கு இன்று நாம் வழங்கும் பெயர் எல்லாவற்றுக்கும் இந்தப் படிகங்களே வாசல்.

1874இல் வேதியியலாளர்கள் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் கார்பனின் நான்கு பிணைப்புகள் நான்முகியாக அமைவதைச் சொல்லி, பாஸ்டரின் வல இடத்துக்கு வடிவியல் காரணம் தந்தனர். வலம் என்பது உண்மையில் வலமா, அல்லது காகிதத்தில் வரைவதற்காக வைத்துக்கொண்ட ஊகமா என்ற ஐயம் மட்டும் மேலும் 77 ஆண்டுகள் நீடித்தது. 1951இல் நெதர்லாந்தின் பைவூட், எக்ஸ் கதிர் ஆய்வால் அதைத் தீர்த்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டதும் டார்டாரிக் அமிலத்தின் உப்புதான், சோடியம் ருபீடியம் டார்ட்ரேட்.

அடுமனை

கிரீம் ஆஃப் டார்ட்டர் அறை வெப்பத்தில் உலர்ந்த தூளாகச் சமையல் சோடாவின் பக்கத்தில் அமைதியாகக் கிடக்கும். ஈரம் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். 1843இல் பர்மிங்ஹாமின் ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒவ்வாத தன் மனைவிக்காக டார்டாரிக் அமிலமும் சோடாவும் கலந்து ரொட்டியை உப்பவைத்தார். ஈஸ்டுக்காக மணிக்கணக்கில் காத்திருந்த மாவு சில நிமிடங்களில் அடுப்பேறியது. இந்த வினையில் மாவுக்குள் மிஞ்சுவது எது என்று பார்த்தால், கிரீம் ஆஃப் டார்ட்டர் சேர்த்த கேக்கில் அது செனியெத்தின் ரோஷெல் உப்பேதான். பழைய பேதி மருந்து, மிகச் சிறிய அளவில், கேக்கின் உள்ளே.

அமெரிக்காவுக்குக் கிரீம் ஆஃப் டார்ட்டர் ஐரோப்பிய ஒயின் நாடுகளிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும், விலையும் அதிகம். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த ஈபன் ஹார்ஸ்ஃபர்டு 1856இல் கால்சியம் பாஸ்பேட்டைக் கொண்டு அதற்கு மாற்று கண்டார். இன்று கடையில் விற்கும் பேக்கிங் பவுடர் டப்பாக்கள் பெரும்பாலும் பாஸ்பேட் வழியைச் சார்ந்தவை. எனினும் முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்கும்போதும், சர்க்கரைப் பாகு பூத்துப்போகாமல் காக்கும்போதும் சமையற்காரர்கள் ஒரு சிட்டிகை கிரீம் ஆஃப் டார்ட்டரையே தேடுகிறார்கள். நம் ஊர் பாகு காய்ச்சுவோர் அதே வேலைக்கு எலுமிச்சைச் சாறு பிழிவார்கள். இரண்டிலும் அமிலம் சர்க்கரையைச் சிறிதளவு உடைத்துப் படிகம் கட்டாமல் தடுக்கிறது. உணவுப் பொட்டலங்களில் அமிலத்தன்மை சீராக்கி 334 என்று அச்சிட்டிருந்தால் அது டார்டாரிக் அமிலம். 336 அதன் பொட்டாசியம் உப்பு.

ஒயின் செய்வோர் கையில்

திராட்சையின் புளிப்பில் பெரும்பங்கு டார்டாரிக், மாலிக் என்னும் இரண்டு அமிலங்களுக்கே. இரண்டின் போக்கும் வேறு. காய் பழுக்கும்போது மாலிக் அமிலத்தைத் திராட்சையே சுவாசத்தில் எரித்துத் தீர்க்கிறது. வெயில் ஏற ஏற இன்னும் வேகமாக. டார்டாரிக் அமிலத்தை அப்படித் தொடுவதில்லை. கொடி அதை வைட்டமின் சி-யிலிருந்து உண்டாக்குகிறது. அந்தப் பாதையின் ஒரு முக்கிய நொதியை 2006இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். குளிர்நாட்டுத் திராட்சை புளிப்போடு அறுவடையாவதும், வெப்பநாட்டுத் திராட்சை இனித்தும் புளிப்பு தளர்ந்தும் வருவதும் மாலிக் அமிலம் எஞ்சும் அளவால்தான்.

புளிப்புத் தளர்ந்தால் சுவை மட்டும் கெடுவதில்லை. புளிப்பு குறையக் குறைய ஏறும் பி.எச். மதிப்பு, ஒயினில் பொதுவாக 3க்கும் 4க்கும் இடையில் இருக்கும். ஒயினைக் காக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடில் கிருமியைக் கொல்லும் வடிவம் பி.எச். 3இல் ஏறத்தாழ 6 விழுக்காடு. 4இலோ ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. அதே அளவு மருந்து, பத்தில் ஒரு பங்கு வேலை. சிவப்பு ஒயினின் நிறமும் பி.எச். ஏறினால் மங்கி நீலம் பாரிக்கும். ஆகவே ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா போன்ற வெயில் நிலங்களில் ஒயின் செய்வோர் டார்டாரிக் அமிலத்தைச் சாற்றில் சேர்க்கிறார்கள். லிட்டருக்கு ஒரு கிராம் சேர்த்தால் பி.எச். ஏறத்தாழ 0.1 இறங்கும்.

மலிவான சிட்ரிக் அமிலத்தை ஏன் சேர்ப்பதில்லை? பாக்டீரியாக்கள் அதைத் தின்று காடித்தன்மையை உண்டாக்கும். மாலிக் அமிலமும் நிலையாக நிற்காது. ஈனோகாக்கஸ் ஈனி என்னும் பாக்டீரியா அதை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். கூர்மையான ஆப்பிள் புளிப்பு, மென்மையான தயிர்ப் புளிப்பாகத் தணியும். பல சிவப்பு ஒயின்களில் இதை வேண்டுமென்றே நிகழவிடுகிறார்கள். டார்டாரிக் அமிலத்தைத் தொடும் நுண்ணுயிர்கள் அரியவை. அவை தொட்டுவிட்டால் அந்த ஒயினை மீட்க முடியாது. பாஸ்டர் விவரித்த ஒயின் நோய்களுள் ஒன்று அதுவே.

ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் ஷெர்ரி செய்வோர் வேறு வழி கண்டிருந்தனர். திராட்சையின் மேல் ஜிப்சம் தூவி மிதிப்பார்கள். கால்சியம் டார்ட்ரேட் படிந்து வெளியேற, சாற்றின் பி.எச். இறங்கும். ஷீலே குடுவையில் கண்ட அதே கால்சியம் டார்ட்ரேட், மிதிதொட்டியில் படிந்தது.

பீப்பாய் போய்ப் புட்டி வந்தபின் படிகம் தொல்லையாயிற்று. ஒயினைக் குளிர்பெட்டியில் வைத்தால் அடியில் கண்ணாடித் துகள்போல மின்னும். வாங்கியவர் அஞ்சித் திருப்பிக் கொடுப்பார். அதைத் தவிர்க்க ஆலைகளில் ஒயினை உறைநிலைக்குக் கீழே −4 பாகை அளவுக்குக் குளிர்வித்து, நாள்கணக்கில் வைத்திருந்து, படிகத்தை முன்னரே பிரித்துவிடுகிறார்கள். இதற்குச் செலவாகும் மின்சாரம் கொஞ்சமல்ல. ஒரு தீங்கும் செய்யாத உப்பை, கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நீக்க இவ்வளவு ஆற்றலைச் செலவிடுவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். புட்டியின் மேல் ஒரு வரி விளக்கம் போதும்.

புளியின் பக்கம்

தொல்காப்பியத்தின் உயிர்மயங்கியல் ‘புளி’ என்ற சொல்லை இரண்டாகப் பிரித்து விதி சொல்கிறது. மரத்தைக் குறிக்கும் புளி ‘அம்’ சாரியை பெறும்: புளியங்காய், புளியங்கொம்பு. சுவையைக் குறிக்கும் புளிக்கு மெல்லெழுத்து மிகும்: புளிங்கூழ். மரத்தையும் சுவையையும் ஒரே சொல்லால் அழைத்த மக்கள், இரண்டும் வேறு என்பதையும் இலக்கணத்தில் குறித்து வைத்தார்கள். தாவரவியலாளர் இந்த மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்கின்றனர். அரேபியரோ அதன் கனியை ‘இந்தியப் பேரீச்சை’ என்று அழைத்தனர். ‘டாமரிண்ட்’ என்ற உலகப் பெயர் அதிலிருந்து பிறந்தது.

பெரும்பாலான கனிகள் பழுக்கும்போது புளிப்பு குறையும். புளியம்பழத்தில் சர்க்கரை ஏறுமே தவிர அமிலம் குறைவதில்லை. அதனால்தான் அது இனித்துக்கொண்டே புளிக்கிறது. ஒரு குடும்பத்துச் சாம்பாருக்கு ‘எலுமிச்சை அளவு புளி’ என்போம். அதை 30 கிராம் என்று கொண்டால், 2.4 முதல் 5.4 கிராம் டார்டாரிக் அமிலம் அதில் இருக்கும். வெயில்நாட்டு ஒயின்காரர் ஒரு லிட்டருக்குச் சேர்க்கும் அமிலத்தை நம் வீட்டு அம்மாக்கள் ஒருவேளைக் குழம்பில் தாராளமாகக் கடந்துவிடுகிறார்கள்.

ஆனால் புளியில் இந்த அமிலம் சர்க்கரை, பெக்டின், நார் ஆகியவற்றோடு பிசுபிசுத்துக் கிடக்கிறது. அதை ஆல்கஹாலாக்கிக் குளிரில் வைக்கும் வழக்கமும் நமக்கில்லை; அந்தக் குளிரும் இல்லை. எனவே படிகம் தானாக வெளியே வரவில்லை. பொறுக்கி எடுத்து ஆராய எதுவும் பானையின் சுவரில் ஒட்டவில்லை. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே.

அதற்காக நம் சமையலறை இந்த அமிலத்தின் தன்மையை அறியாமலிருந்தது என்று பொருளல்ல. பருப்பு வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்பது பழைய பாடம். அமிலத்தில் பருப்பின் செல்சுவர் எளிதில் இளகாது. முன்பே ஊற்றினால் பருப்பு விறைத்துக் கிடக்கும். புளிக்காய்ச்சல் நாள்பட இருப்பதற்கு அமிலம், எண்ணெய், வற்றிய நீர் மூன்றுமே காரணம். பித்தளைப் பாத்திரத்தில் புளி வைத்தால் களிம்பேறும் என்று உட்புறம் ஈயம் பூசினார்கள். புளிக்குழம்புக்குக் கல்சட்டியும் ரசத்துக்கு ஈயச் சொம்பும் ஒதுக்கினார்கள். அதே புளியைக் கொண்டுதான் குத்துவிளக்கின் களிம்பைத் தேய்த்தும் எடுத்தார்கள். டார்டாரிக் அமிலம் செம்பு அயனியைப் பற்றிக் கரைத்துவிடும். 1849இல் ஹெர்மன் ஃபான் ஃபேலிங் மயில்துத்தக் கரைசலில் ரோஷெல் உப்பைச் சேர்த்து, காரத்திலும் செம்பு படியாமல் நிற்கச் செய்தார். சர்க்கரையைக் கண்டறியப் பள்ளி ஆய்வகத்தில் இன்றும் வைத்திருக்கும் ஃபேலிங் கரைசல் அதுதான். ஈயம் பூசியதன் காரணமும், குத்துவிளக்கு பளிச்சிடுவதன் காரணமும், அந்தக் கரைசல் நீலமாகத் தெளிந்து நிற்பதன் காரணமும் ஒன்றே.

மனிதர்க்கு உணவளவில் தீங்கற்ற இவ்வமிலம் நாய்க்கு அப்படியல்ல. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதன் காரணம் நெடுநாள் விளங்கவில்லை. கிரீம் ஆஃப் டார்ட்டரையும் புளியையும் தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததைக் கண்ட அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள், டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2021 முதல் எழுதி வருகின்றனர். மிஞ்சிய புளிச்சோற்றை வாசலில் நாய்க்கு வைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பானைச் சில்லுகள்

இந்த அமிலத்துக்கு இன்று அகழாய்விலும் ஒரு பெரும்பணி உண்டு. ஈரானின் ஹாஜி ஃபிரூஸ் தெப்பே என்ற மேட்டில் கிடைத்த, கி.மு. 5400ஐ ஒட்டிய சாடி ஒன்றில் பேட்ரிக் மெக்கவர்ன் குழுவினர் டார்டாரிக் உப்பின் எச்சத்தைக் கண்டு 1996இல் அறிவித்தனர். 2017இல் ஜார்ஜியாவின் மண்கலங்கள் அக்காலத்தை கி.மு. 6000 வரை பின்னே கொண்டுசென்றன. மேற்கு ஆசியாவில் இவ்வமிலத்தை இவ்வளவு சேர்த்து வைக்கும் பயிர் திராட்சையே என்பதால் அங்கே இந்த முடிவு நிற்கும். சீனத்தின் ஜியாஹுவில் கிடைத்த எச்சத்தைப் பற்றிப் பேசும்போது அதே குழு, திராட்சையோ, ஹாதார்ன் என்னும் முட்செடியின் கனியோ என்று இரண்டையும் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழகத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் பின்னரும் மத்தியதரைக் கடற்பகுதியின் ஆம்போரா சாடிச் சில்லுகள் கிடைத்துள்ளன. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாடுகிறார். அத்தகைய சில்லொன்றில் டார்டாரிக் அமிலம் தென்பட்டால், யவனர் மது என்று உடனே எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது. காலியான சாடி அடுத்த தலைமுறையின் கையில் புளி அடைக்கும் சாடியாகியிருக்கலாம். எகிப்திய மன்னன் துத்தன்காமுனின் கல்லறைச் சாடிகளை ஆராய்ந்த ஸ்பானிய ஆய்வாளர்கள், டார்டாரிக் அமிலத்தோடு சிவப்புத் திராட்சையின் நிறமியிலிருந்து வரும் சிரிஞ்சிக் அமிலத்தையும் தேடியே 2004இல் சிவப்பு ஒயின் என்று சொன்னார்கள். தமிழ் மண்ணில் எச்ச ஆய்வு செய்வோர் அந்த இரண்டாம் சான்றையும் கேட்க வேண்டும். அதற்கு முன், புளி ஊறிய மண்கலம் எந்தெந்தச் சுவடுகளை விட்டுச் செல்கிறது என்பதை, இன்றும் புளியைப் பானையில் உப்பிட்டு அடைத்து வைக்கும் வீடுகளின் பழம்பானைகளிலிருந்தே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பானைகள் உடைந்து குப்பைக்குப் போவதற்குள் இதைச் செய்யும்படி தொல்லியல் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.